செந்நிறத் தங்கம் ஊதாவான விதம்

தங்கம் மஞ்சள் நிறமுடையது என்பதை உலகம் அறியும். ஆயினும் அதனைக் கண்ணுக்குப் புலனாகாத நுண்துகள்களாக்கி நீரில் மிதக்கவிட்டால், அந்நீர் மாதுளைச் சாற்றைப் போலச் சிவந்து தோன்றும். அவ்வாறு சிவந்திருக்க வேண்டிய குப்பி ஒன்று, 1998ஆம் ஆண்டு ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில், இராஜபாளையம் தென்காசி சாலையிலுள்ள பருத்தி நோய் ஆய்வகத்தின் இயக்குநர் மேசைமீது, ஊதா நிறங்கொண்டு, அடியில் கரும்படிவு தங்கி, பார்ப்பதற்கே துக்கம் விசாரிக்க வந்ததுபோல் நின்றது.

அதனை உற்று நோக்கிக்கொண்டிருந்தவர் பரிபூரணம். பதினான்கு ஆண்டுகள் காவல் துறையில் பணியாற்றியபின் அதனைத் துறந்து, உரக்கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்தி வரும் பெண்மணி. அவருக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றவன் தவசிமுத்து. இராணுவத்தில் வண்டி ஓட்டியவன். இப்பொழுது பரிபூரணத்தின் ராஜ்தூத் மோட்டார் சைக்கிளை ஓட்டுபவன். கேளாத இடத்திலும் கருத்துரைப்பவன்.

"இதுக்குள்ள நெசமாவே தங்கம் இருக்காக்கா?" என்று அவன் மெல்லக் கேட்டான். "எங்க ஆத்தா கம்மல இப்படிக் கரைச்சு வச்சிருந்தா எங்கய்யா அதக் கொண்டுபோய் அடகு வச்சிருக்க மாட்டாரு."

இயக்குநர் சௌந்தரபாண்டியன் நகைக்கவில்லை. பணிநீக்க ஆணை ஒன்று தட்டச்சாகி அவருடைய கைக்கடியில் காத்திருந்தது. மாலை ஐந்து மணிக்கு அதில் கையொப்பமிட்டுவிட்டுக் காவல் நிலையத்திற்கும் புகார் அனுப்புவதென முடிவு செய்திருந்தார். அதற்கு முன்னர் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே பரிபூரணத்தை வரவழைத்தார். ஆணையில் இருந்த பெயர் தங்கபாய்.

நடந்ததை அவர் சுருங்கக் கூறினார். பருத்தி இலையைச் சுருளச் செய்யும் நோய்க்கிருமியை வயலிலேயே கண்டறியும் சோதனை ஒன்றை ஆய்வகம் உருவாக்கி வருகிறது. அதற்குத் தேவை இரண்டு பொருள்கள். ஒன்று, தங்கபாய் தயாரிக்கும் தங்க நீர். மற்றொன்று, முனைவர் காசிராஜனின் பொறுப்பிலுள்ள நியூக்ளிக் அமில இழைகள். தங்கத் துகள்களின்மீது இவ்விழைகளைப் பொருத்திவிட்டால், கிருமியின் இழை எதிர்ப்படும்போது அதனோடு இவை பிணைந்துகொள்ளும். துகள்கள் ஒன்றையொன்று நெருங்கும். நெருங்கியதும் சிவப்பு ஊதாவாகும். வியாழக்கிழமையன்று சென்னையிலிருந்து வரும் குழுவின் முன்னிலையில் இதனைச் செய்துகாட்ட வேண்டும். ஆனால், எந்த இழையையும் பொருத்துவதற்கு முன்னரே, நேற்றுக் காலை தங்க நீர் இக்கோலத்தில் கிடந்தது.

"தங்கம் என்று ஒன்று இருந்தால்தானே கெடுவதற்கு?" என்றார் அருகில் அமர்ந்திருந்த காசிராஜன். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. அளந்து பேசும் குரல். "அது வெறும் சாயம். வாங்கிக் கொடுத்த தங்க உப்பு எங்கே போயிற்று என்று அந்தப் பெண்ணைத்தான் கேட்க வேண்டும். பொன் வேலையெல்லாம் ஆசாரிகளுக்கு உரியது, ஆய்வகத்திற்கு ஆகாது என்று முதல் நாளே சொன்னேன். நான் அந்தக் குப்பியைத் தொட்டதே இல்லை."

பரிபூரணம் குப்பியின் கழுத்தைச் சுட்டிக்காட்டினார். கண்ணாடி மூடியின்மேல் நூலால் கட்டியிருந்த காகிதம் கிழிந்து மேல்நோக்கி விரிந்திருந்தது. கழுத்தில் ஊதாக் கறை ஒழுகிக் காய்ந்திருந்தது. யாரோ மூடியைத் திறந்து எதையோ கலந்திருக்கிறார்கள் என்று தவசிமுத்து உடனே தீர்மானித்தான். காசிராஜனின் வெள்ளைச் சட்டை அவனுக்குப் பார்த்தவுடனேயே பிடிக்கவில்லை. அறைக்கு வெளியே தூணைச் சுரண்டிக்கொண்டு நின்ற ஜீப் ஓட்டுநர் சின்னக்கருப்பனையும் பிடிக்கவில்லை. சந்தேகப்படுவதில் தவசிமுத்து யாருக்கும் குறை வைப்பவன் அல்லன்.

தங்கபாயை வராந்தாவின் கோடியில் அமர்த்தியிருந்தனர். முப்பது வயதுக்குள் இருக்கும். அழுது முடித்தபின் வரும் அமைதி முகத்தில் படிந்திருந்தது. ஆய்வகத்தார் அனைவரும் அவ்வழியே நடந்தனர். ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

"நேத்து இதே வராந்தாவுல வச்சுத்தான் தங்கத்தத் தின்னவ நான்னு காசிராஜன் சார் சொன்னாவ, அக்கா," என்றாள் பரிபூரணத்திடம். "பெருக்குற ஆச்சி வரைக்கும் கேட்டுட்டு நின்னாவ. வேலை போனாக்கூட வேற வேலை பாத்துக்கிடுவேன். இந்தப் பேரோட எங்க போய் நிப்பேன்?"

பிறகு அவள் தன் கைப்பையிலிருந்து விரல் நீளக் கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுத்தாள். சென்ற மாதம் இழைகளைப் பொருத்திச் செய்த சோதனையில் மிஞ்சிய துளி அது. அதுவும் ஊதாவாகவே இருந்தது. தேநீர்க் கடையிலிருந்து தவசிமுத்து வாங்கிவந்த வெந்நீர்த் தம்ளருக்குள் அதனை நிறுத்தினாள். சற்று நேரத்தில் ஊதா கரைந்து, குழாய் முழுவதும் செக்கச்செவேலென்று ஆயிற்று. வெளியே எடுத்து ஆறவிட்டபோது மறுபடியும் ஊதா ஏறியது. வெப்பம் இழைகளின் பிணைப்பை அவிழ்க்கிறது, ஆறியதும் அவை மீண்டும் பிணைந்துகொள்கின்றன என்று அவள் விளக்கினாள். இழையினால் கட்டுண்ட தங்கத்திற்கு இதுவே அடையாளம்.

தவசிமுத்து தம்ளரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பொருட்காட்சில காட்டுனா டிக்கெட்டு போடலாம்," என்றான்.

இயக்குநரின் அனுமதியோடு, பெரிய குப்பியையும் மூடி திறவாமலே வெந்நீரில் வைத்துப் பார்த்தனர். நீர் ஆறியது, ஊதா ஊதாவாகவே நின்றது. ஆகவே இழையைக் கலந்து எவரும் இதனைக் கெடுக்கவில்லை என்பது தெளிவாயிற்று. துகள்களை ஒட்டவைத்தது வேறு ஏதோ ஒன்று. காசிராஜன் கைகளைக் கட்டிக்கொண்டு, சாயத்தை எவ்வளவு காய்ச்சினாலும் சாயம்தான் என்றார்.

"சனிக்கிழமை இந்தக் குப்பி எங்க இருந்துச்சு?" என்று பரிபூரணம் கேட்டார்.

இவ்விடத்தில் அவ்வாய்வகத்தின் வழக்கம் ஒன்றை அறிந்துகொள்ளுதல் வேண்டும். பராமரிப்பின் பொருட்டு ஊருக்கு ஊர் மாதத்தில் ஒருநாள் மின்சாரத்தை நிறுத்துவது உண்டு. இராஜபாளையத்திற்கு ஒரு நாள் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வேறொரு நாள். ஆகையால், இங்கே மின்சாரம் நிற்கும் நாளில், குளிர்ச்சியில் இருக்க வேண்டிய பொருள்களை எல்லாம் ஒரு பையிலிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பேருந்து நிலையத்தருகே ஞானதுரை என்பவர் நடத்தும் கூல்பாருக்கு அனுப்பிவிடுவார்கள். தங்க நீரை மட்டும் தங்கபாய் எவரிடமும் கொடுத்ததில்லை. தானே மடியில் வைத்துப் பேருந்தில் கொண்டுசெல்வாள். சென்ற சனிக்கிழமையோ, கான்சாபுரத்தில் சித்தப்பாவின் புதுவீட்டுப் பிரதிஷ்டை. எனவே முதன்முறையாகக் குப்பியைச் சின்னக்கருப்பனிடம் கொடுத்து, குளிர்ச்சியாக வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

சனிக்கிழமைப் பையைப் பற்றித் தமக்கு எதுவும் தெரியாது என்றார் காசிராஜன். கூல்பாரில் பையைக் கொடுத்ததோடு தன் வேலை முடிந்தது என்றான் சின்னக்கருப்பன். அதன்பின் எங்கே போனாய் என்று கேட்டதும் ஜீப்பைத் துடைக்கப் போய்விட்டான்.

"டிரைவர் முழி சரியில்லக்கா," என்றான் தவசிமுத்து, வண்டியை உதைத்துக்கொண்டே.

"உன் முழி கூடத்தான் சரியில்ல. எடு வண்டிய."

ஆலைச் சங்கு ஊதியபோது ஊரைக் கடந்தார்கள். வழிநெடுகத் தவசிமுத்து தன் ஊகங்களைத் தோளுக்குமேல் வீசிக்கொண்டே வந்தான். ஓட்டுநர் பாதிக் குப்பியைத் தட்டானுக்கு விற்றுவிட்டு மீதியில் மையைக் கலந்திருக்கலாம். கூல்பார்காரர் அதை நாவற்பழச் சர்பத்தாக்கி விற்றிருக்கலாம். அதைக் குடித்தவனை எடை போட்டால் உண்மை வெளிவரும். கோபுரம் தென்பட்டு, பால் சுண்டும் வாசனை காற்றில் ஏறியபோதுதான், செத்த நேரம் வாயை மூடிக்கொண்டு வரும்படி பரிபூரணம் கேட்டுக்கொண்டார்.

ஞானதுரை நல்ல மனிதராகவே தோன்றினார். அதனாலேயே தவசிமுத்து அவரையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டான். கடையில் குளிர்பதனப் பெட்டி ஒன்றும், குச்சி ஐஸ் வைக்கும் உறைபெட்டி ஒன்றும் இருந்தன. சின்னக்கருப்பன் கொண்டுவந்த பையை முதலில் குளிர்பதனப் பெட்டியில்தான் வைத்ததாக அவர் கூறினார். பிறகு ஆய்வகத்திலிருந்து தொலைபேசி வந்தது. பையில் இருப்பவை யாவற்றையும் உறைபெட்டிக்கு மாற்றச் சொன்னார்கள். மாற்றினார். யார் பேசியது என்று கேட்டதற்கு, மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, ஆண் குரல் என்பது மட்டும் தெரியும் என்றார்.

இதற்குள் உள்ளிருந்து வந்த அவர் மனைவி ஜெயபாய், அந்தப் பையைப் பற்றித் தனக்கும் ஒரு முறையீடு உண்டு என்றாள்.

"ஐஸ் பெட்டி பூரா ஊதாவா வழிஞ்சு கெடக்கு. கிரேப் ஐஸ் ஒடைஞ்சு போச்சாங்காவ வாரவிய எல்லாரும். நாங்க கிரேப்பே போடுறதில்ல. பாலும் சேமியாவும்தான்."

பரிபூரணம் உறைபெட்டியின் மூடியைத் தூக்கினார். பக்கச் சுவரில் வெண்பனி தடித்திருந்தது. அதன் ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்திற்கு ஊதா படர்ந்திருந்தது. தவசிமுத்து கரண்டிக் காம்பால் அதனைப் பெயர்த்துக் கண்ணாடித் தம்ளரில் இட்டான். உருகிய நீர் ஊதாவாக நின்றது. கரும்பொடி மெல்ல அடியில் இறங்கியது. இயக்குநரின் மேசையில் கண்ட அதே கோலம்.

"மூடியை யாரும் திறக்கல," என்றார் பரிபூரணம். "அந்தப் புள்ள கழுத்து வரைக்கும் நிறைச்சு வச்சிருக்கு. தண்ணி உறைஞ்சா பெருக்கும்லா. அதுவே மூடியத் தூக்கி, காகிதத்தக் கிழிச்சிருக்கு."

எதிரிலிருந்த தொலைபேசிக் கூண்டிலிருந்து அவர் ஆய்வகத்திற்குப் பேசித் தங்கபாயைத் தொலைபேசிக்கு வரவழைத்தார். உறைந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். பின்னர் அவள் கூறியதை வெளியே வந்து அவனுக்கு எடுத்துரைத்தார். நீர் உறையும்போது துகள்களை மூலைக்கு மூலை நெருக்கித் தள்ளும். நெருங்கிய தங்கம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இழையால் கட்டியது வெந்நீரில் அவிழும்; இப்படி ஒட்டியது அவிழாது. தங்க நீரை ஒருபோதும் உறையவிடக் கூடாது என்பது அதனைச் செய்பவர்களுக்கு அரிச்சுவடி.

"மத்தவங்களுக்கு?"

"அங்கதான் இருக்கு சங்கதி. ஆய்வகத்துல ஒருத்தருக்கும் சொன்னதில்லையாம். அவளே தூக்கிட்டுப் போய் அவளே தூக்கிட்டு வந்ததால சொல்ற தேவையே வரல. அது மட்டுமில்ல, காசிராஜன் சாரோட இழைகளை எப்பவும் உறைபெட்டிலதான் வைக்கணும். உறையலேன்னா அது கெட்டுப்போகும். குளிர்ச்சின்னாலே அங்க எல்லாருக்கும் உறைபெட்டிதான்."

தவசிமுத்து தலையைச் சொறிந்தான். அவ்வாறாயின் பேசியவர் காசிராஜனாகவே இருந்தாலும் அவர்மீது குற்றமில்லையே. தம் பொருளைப் பாதுகாக்கும் முறையிலேயே பிறர் பொருளையும் பாதுகாக்க நினைத்தார் என்றாகிவிடும். ஓட்டுநர் பேசியிருந்தாலும், இயக்குநரே பேசியிருந்தாலும் அவ்வாறே. எவரைப் பிடித்தாலும் தெரியாமல் செய்தேன் என்பார். சாயம் என்ற பழியோ தங்கபாயின் தலையிலேயே கிடக்கும்.

"தெரியாம செஞ்சவன் நேத்தே சொல்லிருப்பான்," என்றார் பரிபூரணம். "சொல்லாம இருக்கிறவனுக்கு இப்பத் தெரியும். அந்தத் தெரிஞ்சதைத்தான் பிடிக்கணும். ஞானதுரைட்ட ரோஸ் சர்பத் இருக்கான்னு கேளு."

"குடிக்கவா?"

"உனக்கில்ல."

மாலை நான்கரைக்கு இயக்குநரின் அறையில் அவர்கள் மீண்டும் கூடினர். தங்கபாய் வெளியே வராந்தாவில் இருந்தாள். சௌந்தரபாண்டியன் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். காசிராஜன் காலையில் அமர்ந்த நாற்காலியிலேயே அமர்ந்திருந்தார். பரிபூரணம் தோள்பையிலிருந்து, மூடியின்மேல் காகிதம் கட்டிய ஒரு குப்பியை எடுத்து மேசைமீது வைத்தார். உள்ளே நீர் செக்கச்செவேலென்றிருந்தது.

தங்கபாய் இரண்டாவது குப்பி ஒன்றும் தயாரித்து வைத்திருந்ததாகவும், அது கெடாமல் கிடைத்துவிட்டதாகவும், இது தங்கமா சாயமா என்பதை வியாழக்கிழமை வரும் குழுவே பார்த்துத் தீர்மானிக்கட்டும் என்றும் அவர் கூறினார். இயக்குநரின் முகத்தில் முதன்முறையாக இரத்தம் ஓடியது. காசிராஜன் குப்பியையே நோக்கினார். அந்தப் பார்வையில் இருந்தது வெறுப்பன்று, பசி என்று தவசிமுத்துவுக்குத் தோன்றியது. குழுவின் முன்னிலையில் சோதனை வெற்றி பெற்றால் அடுத்த பதவி உயர்வு அவருக்கே என்பதைத் தேநீர்க் கடைக்காரர்கூடக் கூறியிருந்தார்.

"வியாழக்கிழமை வரைக்கும் பத்திரமா இருக்கணும்," என்று பரிபூரணம் சின்னக்கருப்பனை அழைத்தார். "கொண்டுபோய் வைப்பா."

"எங்கம்மா வைக்க?"

"எப்பவும் எங்க வைப்பிய?"

"ஐஸ் பெட்டிதாம்மா. இங்க எது வந்தாலும் அதுலதான் வைக்கச் சொல்லுவாவ."

இயக்குநரும் தலையசைத்தார். சின்னக்கருப்பன் குப்பியை இரு கைகளாலும் ஏந்தி, அறையின் மூலையில் குளிர்பதனப் பெட்டிக்கு அருகிலிருந்த உறைபெட்டியை நோக்கி நடந்தான். மூடியைத் தூக்கினான். வெண்புகைபோல் குளிர் எழுந்தது. குப்பியை உள்ளே இறக்கக் குனிந்தான்.

"ஏலே, அதுல வைக்காத. பக்கத்துப் பிரிட்ஜ்ல வை."

சொன்னவர் காசிராஜன். நாற்காலியைவிட்டு அவர் எழுந்துவிட்டிருந்தார். அளந்து பேசும் குரல் அளவு தப்பிப் போயிருந்தது.

சின்னக்கருப்பன் குனிந்தபடியே திரும்பிப் பார்த்தான்.

"ஏன் சார்?" என்றார் பரிபூரணம், மிகவும் மரியாதையாக. "சாயத்துக்கு உறைஞ்சா என்ன?"

காசிராஜன் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றினார்.

"தங்கத்துக்குத்தான் உறையக் கூடாது. காலையில இருந்து இது தங்கமே இல்லன்னு சொன்னீங்க. தங்கம்னு உங்களுக்குத் தெரியும். உறைஞ்சா கெடும்னும் தெரியும். ஒருத்தருக்கும் தங்கபாய் சொல்லாத விஷயம். டிரைவருக்குத் தெரியல, டைரக்டருக்குத் தெரியல. எல்லாத்தையும் உறையவைக்கிற ஆளு நீங்க. உங்களுக்கு மட்டும் எப்ப சார் தெரிஞ்சுது?"

காசிராஜன் மெதுவாக அமர்ந்தார். சனிக்கிழமை தொலைபேசியில் பேசியது தாம்தான் என்றார். தம் இழைகள் அந்தப் பையில் இருந்தன, வழக்கப்படி சொன்னார், கெடுக்கும் எண்ணம் எள்ளளவும் இல்லை. திங்கட்கிழமை காலையில், திரும்பி வந்த பையைத் திறந்தபோது குப்பி அக்கோலத்தில் இருந்தது. தங்கபாயின் மேசையிலிருந்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த பிறகே காரணம் விளங்கிற்று. குழு வரும் வாரத்தில் சோதனையைத் தாமே கெடுத்ததாக எவ்வாறு ஒப்புக்கொள்வது?

"உறையவச்சது தப்பில்ல சார். பையத் திறந்து பாத்த பொறவு வாயத் திறந்தீங்களே, அதுதான் தப்பு."

சின்னக்கருப்பன் இன்னும் குப்பியை ஏந்தியபடியே நின்றான். ரோஸ் சர்பத் நிறைந்த அக்குப்பியை வாங்கி மேசைமேல் வைத்த தவசிமுத்து, சனிக்கிழமை எங்கேதான் போனான் என்று காதோடு கேட்டான். பெண் பார்க்கப் போனதாகவும், ஜீப்பில் போனது இயக்குநருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்றும் அவன் முணுமுணுத்தான். தவசிமுத்து அவனைத் தன் பட்டியலிலிருந்து வருத்தத்தோடு நீக்கினான்.

சௌந்தரபாண்டியன் பணிநீக்க ஆணையை நான்காகக் கிழித்தார். தங்கபாயை உள்ளே அழைத்து நடந்ததைக் கூறினார். பிறகு, பெரிய மனிதர்கள் செய்வதையே அவரும் செய்தார். மின்தடையினால் பொருள் கெட்டது என்று எழுதிக்கொள்ளலாம், எவர் பெயரும் வரவேண்டாம், ஆய்வகத்தின் மானத்தையும் நினைக்க வேண்டும் என்றார்.

தங்கபாய் ஊதாக் குப்பியைக் கையில் எடுத்தாள். தங்கம் எங்கும் போய்விடவில்லை என்றாள். கரும்படிவை இராஜ திராவகம் என்னும் அமிலத்தில் கரைத்தால் மறுபடியும் தங்க உப்பாகும். அதிலிருந்து புதிய சிவப்பு நீர் செய்யலாம். வியாழக்கிழமைக்குள் முடியாது; குழுவை ஒரு வாரம் தள்ளி வரச் சொல்ல வேண்டும். அதற்குரிய காரணத்தை உள்ளது உள்ளபடி எழுத வேண்டும்.

"பேரு வேண்டாம்னு சொல்றீங்க சார். நேத்து எம்பேரச் சொன்னப்ப யாரும் வேண்டாம்னு சொல்லல." அவள் காசிராஜன் பக்கம் திரும்பினாள். "வராந்தாவுல வச்சுத்தான சொன்னிய. அதே எடத்துல வந்து சொல்லுங்க. எனக்கு அது போதும்."

காசிராஜன் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் கிழித்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை முடியும் நேரம். வெளியே ஆட்கள் சாப்பாட்டுப் பைகளோடு இறங்கிக்கொண்டிருந்தனர். தவசிமுத்து கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டான். காசிராஜன் சட்டையின் முனையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினார். அவருக்குப் பின்னால், குப்பியைத் தாங்கிக்கொண்டு தங்கபாய் வந்து நின்றாள்.

"எல்லாரும் கொஞ்சம் நில்லுங்கள்," என்றார் காசிராஜன்.

நின்றார்கள்.